நெடுந்தூரக் கார்ப் பயணத்தில் குழந்தைகளுக்குச் சலிப்புத் தட்டாமல் இருக்க: வேலூர்ப் பகுதிப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

வேலூரிலிருந்து சென்னை சுமார் 140 கிலோமீட்டர், பெங்களூரு சுமார் 210 கிலோமீட்டர். ஆறு வயதுக் குழந்தையைப் பின் இருக்கையில் உட்கார வைத்துக்கொண்டு இந்தத் தூரத்தைக் கடந்தவர்களுக்கு நன்றாகத் தெரியும்: பள்ளிகொண்டா சுங்கச்சாவடி வருவதற்குள்ளேயே "இன்னும் எவ்வளவு தூரம்பா?" என்ற கேள்வி தொடங்கிவிடும், ஆம்பூர் வருவதற்குள் அது அழுகையாகவோ அண்ணன் தங்கைச் சண்டையாகவோ மாறிவிடும். அந்த நேரத்தில் கைப்பேசியை எடுத்து நீட்டுவது இப்போது பெரும்பாலான குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது. காரில் போகும்போது பெரியவர்கள் வண்டி ஓட்டுகிறார்கள், வழி பார்க்கிறார்கள், எங்கே நிற்பது, எங்கே சாப்பிடுவது என்று முடிவு செய்கிறார்கள். குழந்தைக்கு மட்டும் சும்மா உட்கார்ந்திருப்பதே வேலையாகிறது. அந்தக் குழந்தைக்கும் பயணத்தில் ஒரு பொறுப்பைக் கொடுத்துவிட்டால் சலிப்பில் பெரும்பகுதி தானாகவே குறைந்துவிடும் என்பது என் உறுதியான கருத்து. கீழே சொல்லியிருப்பவை எல்லாம் அந்த எண்ணத்தை ஒட்டியவைதான்.

முதல் நாள் மாலையே தொடங்க வேண்டியவை

பயணத்துக்கு முந்தைய மாலை, பழைய நோட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு தாளை எடுத்து, நீளவாக்கில் ஒரு கோடு போட்டு, வழியில் வரும் ஊர்களைக் குழந்தையின் கையாலேயே வரிசையாக எழுத வையுங்கள். பெங்களூருக்குப் போவதானால் பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடி, நாட்றம்பள்ளி, பர்கூர், கிருஷ்ணகிரி, சூளகிரி, ஓசூர் என்று வரும். சென்னைக்கானால் ரத்தினகிரி, மேல்விஷாரம், வாலாஜாபேட்டை, காவேரிப்பாக்கம், சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர், பூந்தமல்லி. திருவண்ணாமலைப் பக்கம் போகிறவர்களுக்குக் கணியம்பாடி, கண்ணமங்கலம், சந்தவாசல், போளூர், கலசப்பாக்கம். எழுதத் தெரியாத குழந்தையாக இருந்தால் ஊருக்கு ஒரு படம் வரையலாம்: ரத்தினகிரிக்கு மலைக்கோயில், காவேரிப்பாக்கத்துக்கு ஏரி, கிருஷ்ணகிரிக்கு மாம்பழம். ஒவ்வோர் ஊரையும் கடக்கும்போது குழந்தை அதன்மேல் ஒரு கோடு கிழிக்க வேண்டும். "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்கும் குழந்தை உண்மையில் கேட்பது, காலம் எப்படி நகர்கிறது என்பதைத்தான், கிலோமீட்டர் கணக்கு அதற்குப் புரிவதில்லை, ஆனால் எட்டு ஊர்களில் ஐந்து முடிந்துவிட்டது என்பது நான்கு வயதிலேயே புரிந்துவிடும்.

பையில் எடுத்து வைக்க வேண்டியவை குறைவாகவே இருக்கட்டும். ஒரு நூல் கயிறு, தடிமனான அட்டையில் கவ்வி பொருத்திய தாள்கள், நான்கு வண்ணப் பென்சில்கள், குட்டிக் குழந்தைக்குப் பிடித்த ஒரு துணிப் பொம்மை ஆகியவை போதும். கோலிக்குண்டு, பல்லாங்குழிச் சோழி, சிறு துண்டுகளாகச் சேர்க்கும் பொம்மை போன்றவற்றை வீட்டிலேயே விட்டுவிடுவது நல்லது. அவை இருக்கைக்கு அடியில் உருண்டு போனவுடன் குழந்தை பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு குனியும். உருண்டது முன்பக்கம் வந்து பிரேக்குக்கு அடியில் சிக்கினால் ஆபத்து இன்னும் பெரிது.

பெல்ட்டைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி, 14 வயது நிறையாத குழந்தையைச் சீட் பெல்ட்டோ குழந்தைகளுக்கான தனி இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம். அபராதத்தைவிட முக்கியமானது, முன் இருக்கையில் மடியில் உட்கார வைக்கும் நம் பழக்கம். திடீரென்று பிரேக் போட்டால் மடியில் இருக்கும் குழந்தையை எந்தக் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது, காற்றுப்பை விரிந்தால் அதுவே குழந்தையைத் தாக்கும். ஆகவே இந்தக் கட்டுரையில் வரும் எந்த விளையாட்டும் பின் இருக்கையில், பெல்ட்டுடன், உட்கார்ந்தபடி ஆடக்கூடியதாகவே இருக்கும்.

புறப்படும் நேரத்தை இயன்றவரை விடியலுக்கு முன் வைத்துக்கொள்ளுங்கள். மே மாதத்தில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாட்கள் வேலூருக்குப் புதியவை அல்ல. பகல் பதினொரு மணிக்கு மேல் கண்ணாடி வழியாக முகத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும் குழந்தையை எந்த விளையாட்டாலும் சமாதானப்படுத்த முடியாது. அதிகாலை ஐந்து மணிக்குள் கிளம்பினால் முதல் ஒரு மணி நேரம் குழந்தை தூங்கிவிடும், விழிக்கும்போது வெளிச்சம் வந்திருக்கும், பார்க்க உலகம் இருக்கும். எந்தப் பக்கம் வெயில் விழும் என்பதையும் முன்னரே யோசித்து, குட்டிக் குழந்தையை மறுபக்கம் உட்கார வைக்கலாம்: காலையில் சென்னை நோக்கிப் போகிறவர்களுக்குச் சூரியன் எதிரே இருக்கும், பெங்களூரு நோக்கிப் போகிறவர்களுக்கு முதுகுப் பக்கம் இருக்கும்.

வாந்தியும் தலைசுற்றலும்

விளையாட்டுக்கு முன் இதைப் புரிந்துகொள்வது அவசியம், ஏனென்றால் பல வீடுகளில் பயணம் கெடுவது இதனால்தான். கண்ணுக்கு முன்னால் இருக்கும் புத்தகமோ திரையோ அசையாமல் இருக்கிறது. காதின் உள்ளே சமநிலையை உணரும் உறுப்போ உடல் அசைந்துகொண்டிருப்பதாகச் சொல்கிறது. இரண்டு செய்திகளும் ஒத்துப்போகாதபோது மூளை குழம்பி, வயிற்றைப் புரட்டுகிறது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இது அரிது. இரண்டிலிருந்து பன்னிரண்டு வயது வரை உள்ளவர்களுக்கே அதிகம். ஆகவே காரில் படிப்பது, எழுதுவது, வண்ணம் தீட்டுவது, கைப்பேசி பார்ப்பது எல்லாவற்றையும் நேரான நெடுஞ்சாலையில் மட்டும், அதுவும் சிறிது சிறிதாக அனுமதியுங்கள். முகம் வெளிறுவது, அடிக்கடி கொட்டாவி விடுவது, பேச்சு திடீரென்று நின்றுபோவது ஆகியவைதாம் முதல் அறிகுறிகள். அப்போது கண்ணாடியை இறக்கிக் காற்று வர விட்டு, எதிரே தொலைவில் தெரியும் ஒரு மலையையோ கோபுரத்தையோ பார்க்கச் சொல்ல வேண்டும். புறப்படும் முன் வயிறு முட்டச் சாப்பிட வைப்பதும் முழுப் பட்டினியாகக் கூட்டிச் செல்வதும் ஒரே அளவு தவறு. இரண்டு இட்லியோ இரண்டு வாழைப்பழமோ சரியான அளவு. மாத்திரை தேவைப்படும் குழந்தையானால் குழந்தை மருத்துவரிடம் கேட்டு அளவு தெரிந்துகொண்ட பின்னரே கொடுக்க வேண்டும்.

சன்னலுக்கு வெளியே இருக்கும் விளையாட்டுகள்

கண்ணைத் தொலைவில் வைத்திருக்கும் விளையாட்டுகள் இரட்டைப் பயன் உள்ளவை: சலிப்பும் தீர்கிறது, வயிறும் புரட்டுவதில்லை. ஆகவே இவற்றுக்கே முதல் இடம் கொடுக்கிறேன்.

நம் பகுதிக்கென்றே அமைந்த விளையாட்டு ஒன்று உண்டு. வேலூரைச் சுற்றியுள்ள குன்றுகள் பெரும்பாலும் மொட்டைப் பாறைகள். ஒன்றன்மேல் ஒன்றாக உருண்டைக் கற்கள் நிற்கும். அந்தக் கற்களில் உருவம் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். படுத்திருக்கும் யானை, தலைப்பாகை கட்டிய தாத்தா, வாய் திறந்த தவளை என்று ஒரு குழந்தை சொன்னால், மற்றவர்கள் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். கார் சற்று நகர்ந்ததும் அதே பாறை வேறு உருவமாக மாறிவிடும் என்பதால் விளையாட்டுக்கு முடிவே இல்லை. சற்றுப் பெரிய குழந்தை "இந்தக் கல்லெல்லாம் ஏன் உருண்டையாக இருக்கிறது?" என்று கேட்டால் மகிழ்ச்சியோடு பதில் சொல்லுங்கள்: கருங்கல்லில் விழும் விரிசல்கள் வழியாக மழைநீர் இறங்கி, மூலைகளை முதலில் அரித்து, பல்லாயிரம் ஆண்டுகளில் சதுரக் கல்லை உருண்டையாக்கிவிடுகிறது.

அடுத்தது வண்டி எண் விளையாட்டு. 1989 வரை ஒரே வட ஆற்காடு மாவட்டமாக இருந்த நிலப்பரப்பில் இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என நான்கு மாவட்டங்கள் இருப்பதால், சிறிது தூரத்துக்குள்ளேயே பல எண்களைப் பார்க்க முடியும். டிஎன் 23 வேலூர், டிஎன் 73 ராணிப்பேட்டை, டிஎன் 83 வாணியம்பாடி, டிஎன் 25 திருவண்ணாமலை, டிஎன் 97 ஆரணி, டிஎன் 24 கிருஷ்ணகிரி, டிஎன் 70 ஓசூர். இவற்றை முதல் நாளே ஊர்த் தாளின் ஓரத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால், எந்த எண் அதிகமாகத் தென்படத் தொடங்குகிறது என்பதை வைத்தே எந்த மாவட்டத்துக்குள் நுழைந்திருக்கிறோம் என்று குழந்தை அறிவிக்கும். இன்னும் சிறியவர்களுக்குப் பலகையின் நிறம் போதும்: வெள்ளை என்றால் சொந்த வண்டி, மஞ்சள் என்றால் வாடகை வண்டி, பச்சை என்றால் மின்சார வண்டி. பச்சைக்குப் பத்து மதிப்பெண் என்று வைத்தால் கண்கள் சாலையை விட்டு நகராது. கணக்கில் ஆர்வமுள்ள பத்து வயதுப் பிள்ளைக்குக் கடைசி நான்கு இலக்கங்களைக் கூட்டியும் கழித்தும் பெருக்கியும் 10 வர வைக்கச் சொல்லலாம்.

கிலோமீட்டர் கற்களை நாம் போதுமான அளவு பயன்படுத்துவதில்லை என்பது என் ஆதங்கம். தலையில் மஞ்சள் பூசிய கல் தேசிய நெடுஞ்சாலை, பச்சை பூசியது மாநில நெடுஞ்சாலை, ஆரஞ்சு நிறம் கிராமச் சாலை. பெரிய சாலையிலிருந்து ஊர்ச் சாலைக்குத் திரும்பும்போது நிறம் மாறுவதை முதலில் கண்டவருக்கு ஒரு மதிப்பெண். கடிகாரம் பார்க்கத் தெரிந்த குழந்தைக்கு இதைவிட அருமையான வேலை ஒன்று இருக்கிறது. ஒரு கல்லிலிருந்து அடுத்த கிலோமீட்டர் கல் வரை எத்தனை வினாடி ஆகிறது என்று எண்ணி, 3,600-ஐ அந்த எண்ணால் வகுத்தால் வண்டியின் வேகம் வந்துவிடும்: 60 வினாடியானால் மணிக்கு 60 கிலோமீட்டர், 45 வினாடியானால் 80, 40 வினாடியானால் 90. குழந்தை சொன்ன வேகமும் வேகமானியில் தெரியும் வேகமும் ஒத்துப்போகும் அந்த நொடியில் அதன் முகத்தில் வரும் பெருமையைப் பார்க்க வேண்டும். அதன்பின் அப்பா வேகமாக ஓட்டினால் முதலில் கண்டிப்பதும் அந்தக் குழந்தையாகத்தான் இருக்கும்; அதற்குக் காது கொடுப்பது ஓட்டுபவரின் கடமை.

எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியவர்களுக்குக் கடைப் பலகைகளில் உயிரெழுத்து வேட்டை ஏற்றது. அ முதல் ஔ வரை வரிசையாகக் கண்டுபிடிக்க வேண்டும். ஆவுக்கு ஆம்பூரும் ஆற்காடும், இக்கு இனிப்பகமும், உக்கு உணவகமும், ஊவுக்கு ஊராட்சிப் பலகையும், ஐக்கு ஐஸ்கிரீமும் எளிதாகக் கிடைக்கும். ஈயும் ஔவும் பிடிவாதமாக ஒளிந்துகொள்ளும். அவற்றைக் கண்டவருக்குக் கூடுதல் மதிப்பெண். ஆய்த எழுத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஃபேன்சி ஸ்டோர் இல்லாத ஊர் இல்லை. காட்பாடி வழியாகச் சித்தூர், திருப்பதி போகிறவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு: தமிழ்ப் பலகை முடிந்து முதல் தெலுங்குப் பலகை எங்கே வருகிறது என்று யார் முதலில் சொல்கிறார்கள் பார்க்கலாம்.

ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதியில் ரயில் பாதை சாலையை ஒட்டியே சில இடங்களில் ஓடும். சரக்கு ரயில் கண்ணில் பட்டால் பெட்டிகளை எண்ணச் சொல்லுங்கள். பெங்களூரு நோக்கிப் போகும்போது இடப்பக்கம் தெரியும் ஜவ்வாது மலையைக் காட்டி, அங்கே காவலூரில் 2.3 மீட்டர் அகலமுள்ள ஆடியைக் கொண்ட தொலைநோக்கி 1986 முதல் இயங்குகிறது என்றும், 1977-இல் யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பது தெரியவந்த கண்காணிப்பில் அந்த வானாய்வகமும் பங்கேற்றது என்றும் சொன்னால், வானத்தில் ஆசையுள்ள பிள்ளை அடுத்த அரை மணி நேரத்துக்குக் கேள்விகளை நிறுத்தாது.

வாயும் காதும் போதுமான விளையாட்டுகள்

வெளியே பார்த்துக் களைத்த பிறகு விடுகதைக்குத் திரும்பலாம். இதில் வீட்டுப் பெரியவர்களுக்கு இணையே இல்லை. ஆயாவையோ தாத்தாவையோ பின் இருக்கையில் நடுவில் உட்கார வைத்தால் இரண்டு பக்கமும் பிள்ளைகள் ஒட்டிக்கொள்வார்கள். ஆயிரம் தச்சர் கூடிக் கட்டிய அழகான மண்டபம் ஒருவர் கண் பட்டதும் உடைந்துபோனது எது? தேன்கூடு. அம்மா படுத்திருக்க மகள் மட்டும் ஓடி ஆடுவது எது? அம்மியும் குழவியும். அம்மியையே பார்த்திராத குழந்தைக்கு இந்த இடத்தில் நின்று அதை விளக்க வேண்டியிருக்கும், அதுவும் நல்லதே. பத்து விடுகதை முடிந்ததும், சன்னல் வழியாகத் தெரியும் ஏதேனும் ஒன்றைப் பற்றிக் குழந்தையே புதிய விடுகதை ஒன்று கட்ட வேண்டும் என்று சொல்லுங்கள். பனைமரம், மின்கம்பம், லாரியின் பின்னால் தொங்கும் எலுமிச்சம்பழம் எல்லாம் அதற்கு உதவும்.

ஆளுக்கு ஒரு வாக்கியமாகத் தொடர்கதை சொல்வது, ஒருவர் மனத்தில் நினைத்ததை "ஆம்", "இல்லை" என்ற பதில்களை மட்டும் வைத்து இருபது கேள்விகளுக்குள் மற்றவர்கள் கண்டுபிடிப்பது, மழை, ரயில், நிலா என்று ஒரு சொல்லைக் கொடுத்து அந்தச் சொல் வரும் பாட்டாகப் பாடுவது ஆகியவை எல்லோருக்கும் தெரிந்தவை. ஊர், பெயர், பூ, பழம் விளையாட்டையும் எழுதாமல் வாயாலேயே ஆடலாம். ஒரு விளையாட்டு சூடு பிடித்திருக்கும்போதே, அது அலுப்பதற்கு முன்பாக, அடுத்ததற்கு மாற வேண்டும். இருபது நிமிடத்துக்கு மேல் எதையும் இழுக்காதீர்கள். நிறுத்தியதை மறுபடி கேட்டு வாங்கி ஆடுவார்கள்.

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு விதிகள் உள்ள விளையாட்டு எதுவும் உதவாது. உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, விரல் விரலாகச் சோறு ஊட்டி, கடைசியில் அக்குளில் நண்டு ஊர விடும் பழைய விளையாட்டைப் பத்து முறை ஆடினாலும் அது சிரிக்கும். கயிற்றை விரல்களில் கோத்து வலையும் தொட்டிலும் செய்வது ஏழெட்டு வயதுப் பெண்ணுக்கும் பையனுக்கும் ஒரே அளவு பிடிக்கும்.

இரண்டு பிள்ளைகள் இருந்தால் சண்டைக்கான காரணங்கள் பெரும்பாலும் இரண்டே: சன்னலோர இடம், பாட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. புறப்படும் முன்பே விதியைச் சொல்லிவிடுங்கள். பாட்டுரிமை சுங்கச்சாவடிக்குச் சுங்கச்சாவடி கைமாறும். பள்ளிகொண்டா வரை அக்கா, வாணியம்பாடி வரை தம்பி, கிருஷ்ணகிரி வரை மறுபடி அக்கா. இருக்கை மாற்றம் வண்டியை முழுவதும் நிறுத்தி இறங்கும் இடங்களில் மட்டும்.

இறங்கி ஓடுவதற்கான இடைவேளை

ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறையாவது நிறுத்தியே ஆக வேண்டும். சேர வேண்டிய இடத்துக்குச் சீக்கிரம் போக வேண்டும் என்று இடைவேளையைத் தவிர்ப்பவர்கள், அந்த நேரத்தைப் பிறகு அழுகையாகச் செலுத்துகிறார்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்தாமல், உணவகத்தின் வளாகம், பெட்ரோல் நிலையம், கோயில் வெளி போன்ற பாதுகாப்பான இடத்தைத் தேர்ந்தெடுத்து, பதினைந்து நிமிடம் நொண்டியோ கல்லா மண்ணாவோ ஆட விடுங்கள். வெளியூரிலிருந்து வேலூர் வழியாகப் போகிறவர்களுக்கு நம் கோட்டையைவிடச் சிறந்த இடம் இல்லை. அகழியைச் சுற்றிப் பார்த்து, உள்ளே ஜலகண்டேசுவரர் கோயில் வெளியில் நடந்து, 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் இதே மதில்களுக்குள் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்ததைச் சொன்னால், மீண்டும் காரில் ஏறியதும் பேச விஷயம் கிடைத்துவிடும். நிறுத்திய கார் வெயிலில் சில நிமிடங்களிலேயே கொதித்துவிடும் என்பதால், தூங்குகிற குழந்தையாக இருந்தாலும் "ஒரு நிமிடம்தானே" என்று உள்ளே விட்டுவிட்டுப் போகக் கூடாது. திரும்பி ஏறும்போது பெல்ட்டின் உலோகக் கொக்கியைத் தொட்டுப் பார்த்த பிறகே குழந்தைக்கு மாட்ட வேண்டும்.

சாப்பாட்டில் பொரி, வறுத்த வேர்க்கடலை, முறுக்கு, வெள்ளரிப் பிஞ்சு, கொய்யா ஆகியவை கையில் ஒட்டாதவை. வேர்க்கடலை மட்டும் நான்கு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கே, அதுவும் வண்டி நிற்கும்போதே. சாக்லேட் உருகி இருக்கை முழுவதும் பரவும். ஆம்பூரில் பிரியாணி சாப்பிடாமல் போக மனம் வராது என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் ஏலகிரி ஏறப் போகிறவர்கள் அதை இறங்கி வந்த பிறகு வைத்துக்கொள்வதே குழந்தைக்கு நல்லது.

மலைப் பாதையில்

ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றுக்குத் தமிழ்ப் புலவர்களின் பெயர்களும் கடையெழு வள்ளல்களின் பெயர்களும் சூட்டப்பட்டிருக்கின்றன. மலையேறும் முன்பே அடிவாரத்தில் நிறுத்தி, முல்லைக்குத் தேர் கொடுத்த பாரி, மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன், ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமான் ஆகியோரின் கதைகளைச் சொல்லிவிடுங்கள். ஏறும்போது முன்னால் உட்கார்ந்திருப்பவர் பலகையைப் படிக்க, பின்னாலிருந்து குழந்தைகள் அந்த வள்ளல் என்ன கொடுத்தார் என்று சொல்ல வேண்டும். கண் நேர் எதிரே இருக்கும், கையில் எதுவும் இருக்காது, வளைவுகளும் எண்ணிக்கையாகக் குறைந்துகொண்டே வரும். உயிரெழுத்து வேட்டையில் கிடைக்காத ஔவும் இங்கே கிடைத்துவிடும். உயரம் ஏற ஏறக் காது அடைத்தால் கொட்டாவி விடவோ, தண்ணீரைச் சிறு சிறு மிடறாக விழுங்கவோ சொல்லுங்கள். மலைப் பாதையிலும், ஊருக்குள் நெரிசலிலும், கனமழையிலும் ஓட்டுபவர் "அமைதி" என்றவுடன் எல்லா விளையாட்டும் நின்றுவிட வேண்டும் என்ற விதி வீட்டிலேயே பழக்கப்பட்டிருக்க வேண்டும். ஓட்டுபவரை எந்த விளையாட்டிலும் பார்க்கச் சொல்லி அழைக்கக் கூடாது.

கைப்பேசியும் திரும்பி வரும் வழியும்

கைப்பேசியை முற்றிலும் விலக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதைத் தொடக்கத்திலேயே கொடுத்துவிட்டால் பிறகு வேறெதுவும் எடுபடாது என்பதால், பயணத்தின் கடைசிப் பகுதிக்கு ஒதுக்கி வையுங்கள். படம் பார்ப்பதைவிடக் கதை கேட்பது நல்லது; கண் வெளியே இருக்கும், வயிறு புரட்டாது, முழுக் குடும்பமும் சேர்ந்து கேட்கலாம். மலைகளுக்கிடையே இணைப்பு விட்டு விட்டு வரும், ஆகவே வீட்டிலேயே தரவிறக்கிக்கொள்ளுங்கள். தாத்தாவும் ஆயாவும் சொன்ன கதைகளை ஒருநாள் பதிவு செய்து வைத்துக்கொண்டால், அவர்கள் உடன் வராத பயணத்திலும் அவர்களுடைய குரல் கேட்கும்.

திரும்பி வரும்போது எல்லோரும் களைத்திருப்பார்கள். போட்டியும் மதிப்பெண்ணும் அப்போது எரிச்சலையே தரும். போகும்போது கோடு கிழித்த அதே ஊர்த் தாளைத் தலைகீழாகப் பிடித்து, ஒவ்வோர் ஊரிலும் என்ன பார்த்தோம் என்று குழந்தையைச் சொல்ல விட்டு, ஒருவர் அதை எழுதிக்கொள்ளலாம். இருட்டிய பிறகு வெளியே பார்க்க ஒன்றும் இல்லாததால் கதையும் பாட்டும் மட்டுமே மிஞ்சும், அவையும் மெல்லிய குரலில். பின்னால் எல்லோரும் தூங்கிவிட்டால் முன் இருக்கையில் இருப்பவர் மட்டும் விழித்திருந்து ஓட்டுபவரோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டே வர வேண்டும். ஓட்டுபவருக்குக் கண் சொருகினால், வாலாஜாவாக இருந்தாலும் வாணியம்பாடியாக இருந்தாலும், வீடு பக்கம்தானே என்று நினைக்காமல் வெளிச்சமான இடத்தில் நிறுத்தி அரை மணி நேரம் தூங்கிவிட்டே கிளம்ப வேண்டும்.